வாத்துப்பாதக்காரனும் அவன் அக்காவும்

திஸாஃப்யூரெத்
ஏப்ரல் 11

லோராந்துக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

ஒரு வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் கோபம் போய்விடும். இந்தக் கோபத்தை அவ்வளவு சீக்கிரம் விட எனக்கு மனசில்லை. அதனால்தான் கடிதம். பதில் சொல்ல ஏதாவது இருந்தால் நீயும் எழுதியே அனுப்பு.

போன சனிக்கிழமை கடையில் லாங்கோஷ் ரொட்டி பொரிக்க வைத்த எண்ணெய்கூடக் காயவில்லை. மீன்கடைப் பிரோஷ்கா வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "எமோகெ, உன் தம்பி பேட்டி குடுத்திருக்கான். பெரிய ஆராய்ச்சியாம்ல? போட்டோவுல கொஞ்சம் தொப்பை தெரியுது" என்றாள். என் தம்பியாயிற்றே என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

"புதிதாக ஓட வருபவர்களில், பாத வளைவு உயரமாக இருப்பவர்களுக்கு எடை பெரும்பாலும் குதிகாலிலும் முன்பாதத்திலும்தான் இறங்குகிறது. என் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பாதம் ஒரு பாலம். நடுப்பகுதி தரையைத் தொடவே தொடாது. அடியில் படகு விடலாம்."

படகு விடலாமா? அடப்பாவி! அன்று முழுக்க ஒருத்தர்கூட வெறும் லாங்கோஷ் கேட்கவில்லை. "ஒண்ணு குடு, புளிப்புப் பாலாடை, சீஸ் ரெண்டும் போட்டு. அப்படியே செருப்பக் கழட்டேன், ஒரு தடவ பாத்துக்கிறோம்." தபால்காரர் குனிந்தே பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெண்டெலிடம் சொன்னால், கட்டின புருஷன், "அவன் பொய்யா சொன்னான்?" என்கிறார். அன்றைக்கு அவருக்கு மீன் சாறு சூடாகக் கிடைக்கவில்லை.

இந்த ஊர் நாட்டியக் குழுவில் என் பாதத்தைப் பார்த்துத்தான் முன்வரிசை கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து சப்பட்டைக் காலோடு திரிகிற வாத்துப்பாதக்காரன் நீ என் பாதத்துக்குக் குறை சொல்கிறாய். அதுவும் நான் பிப்ரவரியில்தான் ஏரிக்கரை மேட்டில் ஓட ஆரம்பித்திருக்கிறேன். ஆரம்பித்த காலிலேயே கண் வைக்கிறாய்.

அடுத்த வாரப் பத்திரிகையில் மறுப்பு வரவேண்டும்.

எமோகெ


செகெத்
ஏப்ரல் 18

அன்புள்ள அக்கா,

நான் "அன்புள்ள" போட்டிருக்கிறேன். கவனி.

மன்னித்துவிடு. படகைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. பத்திரிகைக்காரப் பெண் "புரியிற மாதிரி சொல்லுங்க சார், படிக்கிறவங்க தூங்கிருவாங்க" என்றாள். புரிகிற மாதிரி யோசித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. மறுப்பு மட்டும் என்னால் கொடுக்க முடியாது, ஏனென்றால் சொன்னது உண்மை.

குளித்துவிட்டு ஈரக்காலோடு வெளியே வரும்போது தரையில் தடம் விழுமே, அதைப் பார். உன் தடத்தில் குதிகால் தனியாக இருக்கும், முன்பாதம் தனியாக இருக்கும், நடுவே ஒன்றும் இருக்காது. என் தடம் ரொட்டித் துண்டு மாதிரி முழுசாக விழும். இரண்டும் நோய் இல்லை, அக்கா. எடை எங்கே போய் இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். உனக்குக் குதிகாலும் முன்பாதமுமே எல்லாவற்றையும் தாங்குகின்றன. எனக்கு நடுப்பாதமும், குறிப்பாக உட்பக்கம், சேர்ந்து தாங்குகிறது. வருஷக்கணக்கில் ஓடியவர்களின் உடம்பு இதற்கெல்லாம் ஒரு வழி பண்ணிக்கொள்ளும். புதிதாக ஓடுபவர்களின் உடம்புக்குத்தான் தெரியாது. அதைத்தான் மூன்று வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கோபத்தை ஒரு நிமிஷம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இதைப் படி. எனக்கு உன் கால் வேண்டும்.

தட்டைப் பாதக்காரர்கள் நிறையக் கிடைத்துவிட்டார்கள். சாதாரணப் பாதக்காரர்களுக்குக் குறைவே இல்லை. உயர்ந்த வளைவு உள்ளவர்கள்தான் கிடைப்பதில்லை, அதிலும் புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள். அரும்பாடு பட்டுச் சேர்த்தவர்களில் ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டார். ஒருத்தி காதலித்து ஜெர்மனிக்குப் போய்விட்டாள். கடைசியாக ஒரே ஓர் ஆள் குறைகிறது. எங்கள் துறைத் தலைவி எதெல்கா அம்மாவோ, "கோடை முடியறதுக்குள்ள ஆள் சேரலேன்னா கருவிய அடுத்த குழுவுக்குக் குடுத்துருவேன், லோராந்த். என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் மூன்று வருஷ வேலை பாதாள அறைக்குப் போய்விடும்.

ஒரே ஒரு நாள் செகெத்துக்கு வந்து எங்கள் ஓடுதளத்தில் ஓடிவிட்டுப் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி
லோராந்த்


திஸாஃப்யூரெத்
ஏப்ரல் 26

அன்புள்ள லோராந்த்,

பாலத்துக்கு இப்போது மதிப்பு வந்துவிட்டதாக்கும்!

வருகிறேன். சும்மா வரமாட்டேன், ஒரு நிபந்தனை இருக்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு தலைக்குட்டை ஓட்டம். ஊரை விட்டுப் போய் மறந்திருப்பாய், நானே சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், ஒரே குட்டை, ஆளுக்கு ஒரு முனை. படகுத்துறையில் கிளம்பி மதகு வரை ஓடித் திரும்பி வரவேண்டும். வழியில் ஒருத்தர் கைவிட்டாலும் அவ்வளவுதான், ஆட்டத்தில் இல்லை. முடித்தவர்களின் குட்டைகள் குளிர்காலம் முழுக்க நீச்சல்கரை வாசலில் தொங்கும். பிரோஷ்காவும் அவள் தங்கையும் மஞ்சள் குட்டையை வருஷா வருஷம் தொங்கவிட்டுவிட்டு, என் கடை முன்னால் நின்று அதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். நம் கெரெகெஷ் வீட்டுக் குட்டை ஒரு குளிர்காலம்கூட அங்கே தொங்கியதில்லை. எனக்கு அது தொங்கவேண்டும். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வெண்டெலைக் கேட்டுப் பார்த்தேன். "நான் ஓடினா கரை உடைஞ்சி ஏரி ஊருக்குள்ள வந்துரும். பரவால்லயா?" என்கிறார். எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். நீ என்னோடு ஓடு, நான் உன் ஓடுதளத்தில் ஓடுகிறேன்.

அக்கா


செகெத்
மே 3

அன்புள்ள அக்கா,

வேறு எது வேண்டுமானாலும் கேள். கோடை முழுக்கச் சனி ஞாயிறு வந்து கடையில் மாவு பிசைகிறேன். பிரோஷ்காவின் மீனைப் புகழ்ந்து பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறேன். ஓட மட்டும் கூப்பிடாதே.

உனக்குத் தெரியாததா? பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் மணலில் விளையாடும்போது நாங்கள் நாலைந்து பேர் வாத்துப்பாதப் பயிற்சி செய்தோம். கால்விரலால் கோலிக்குண்டு பொறுக்கவேண்டும், கைக்குட்டையைத் தூக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பிலிருந்து டாக்டர் விலக்குக் கொடுத்தார். எட்டு வகுப்பும் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் கடிகாரத்தையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பின்னாலேயே பையன்கள் வாத்து மாதிரி கத்திக்கொண்டு வந்தார்கள். அன்றோடு சரி. இன்றுவரை பஸ் போனால் போகட்டும் என்று நின்றுவிடுகிறேன்.

தட்டைப் பாதத்தோடு தாராளமாக ஓடலாம் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், அது உண்மையும்கூட. எனக்கு மட்டும் வராது. நான் ஓடுகிறவர்களை அளக்கிறவன், அவ்வளவுதான். அதுவும் நம் ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்க்கும்போது? செத்தாலும் மாட்டேன்.

லோராந்த்


திஸாஃப்யூரெத்
மே 8

காலும் வராது, அக்காவும் வரமாட்டாள்.

எ.


செகெத்
மே 21

அன்புள்ள அக்கா,

உன் அஞ்சல் அட்டையை எதெல்கா அம்மா என் மேஜையில் பார்த்துவிட்டார். "யாரு இது, ராணுவத்துல இருக்காங்களா?" என்று கேட்டார்.

சரி, தோற்றேன். ஓடுகிறேன்.

காலணி வாங்கப் போனேன். கடையில் இருந்த பெண், "புதுசா ஓடறீங்களா? உங்களுக்கு என்ன மாதிரி பாதம்னு தெரியுமா?" என்று கேட்டாள். இதைப் பற்றி மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். "வாத்து" என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினேன். அப்புறம் நடந்தேன். திரும்ப ஒரு கம்பம் ஓடினேன். எதிரே ஒரு கிழவர் குட்டைக்கால் நாயோடு வந்தார். நாய் கொஞ்ச தூரம் என்னோடு ஓடி வந்து, அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது. என் கால் தரையில் பட்டபோது பளார் பளாரென்று சத்தம் வந்தது. மூச்சு நெஞ்சில் முட்டியது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் மறுநாள் போனேன்.

ஜூன் முதல் வாரம் வா. காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வா.

லோராந்த்


திஸாஃப்யூரெத்
ஜூன் 9

அன்புள்ள லோராந்த்,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் நீ கட்டிக் கொடுத்த பொகாச்சா ரொட்டியை சோல்நோக் வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டேன்.

உன் ஆய்வுக்கூடம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த மெலிந்த பெண்கள் என் காலைத் தூக்கி மடியில் வைத்து அளந்ததும், "எவ்ளோ அழகான வளைவு!" என்று சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தாய்தானே? படகென்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. தரையில் பதித்த அந்தத் தட்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மிதித்ததும் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஊரறியக் காட்டிவிடுகிறதே! இந்தத் தட்டா என்னைப் பற்றிச் சொல்வது என்று நன்றாகவே மிதித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தொப்பை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிரோஷ்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா


செகெத்
ஜூன் 17

எமோகெ,

என்ன செய்து வைத்திருக்கிறாய்?

நிற்கும்போது எடுத்த அளவில் உன் பாதம் பாலம். ஓடும்போது எடுத்த அளவில் நடுப்பாதம் முழுக்கத் தரையில் பட்டிருக்கிறது. எங்கள் குழுவில் யாரும் இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. அந்தப் பெண்கள் கருவி கெட்டுவிட்டதென்று பதறி, தட்டைக் கழற்றி மாட்டினார்கள். அப்புறம் நான் படப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஓடுதளத்தில் நன்றாக ஓடி வருகிறாய். தட்டு வந்ததும் முழங்காலை உள்ளே மடக்கி, நாட்டிய மேடையில் மிதிக்கிற மாதிரி ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறாய். ஒவ்வொரு தடவையும்! எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

இது விளையாட்டு என்று நினைத்தாயா? உன் பதிவு குப்பைக்குப் போய்விட்டது. இன்னும் அந்த ஓர் ஆள் குறைகிறது. உன்னை நம்பி வேறு யாரையும் நான் தேடவில்லை. எதெல்கா அம்மாவிடம் "என் அக்கா அளவையே ஏமாற்றிவிட்டாள்" என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

நீ உன் பங்கைச் செய்யவில்லை. நானும் ஓடப்போவதில்லை.

லோராந்த்


திஸாஃப்யூரெத்
ஜூன் 28

அன்புள்ள தம்பி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடையில் கூட்டம் நேரம். வெண்டெல் மாவு பிசைகிறார், திட்டிக்கொண்டே.

வேண்டுமென்றேதான் மிதித்தேன். ஒரு தடவையாவது நடுப்பாதம் தரையில் பட்டுவிட்டால், நீ பத்திரிகையில் சொன்னது பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அது பொய்யாக வேண்டும் என்று எனக்கு இருந்தது, லோராந்த். ஏனென்றால் நீ பேட்டி கொடுப்பதற்கு முன்பே, மார்ச்சிலேயே, எனக்குக் குதிகால் வலி வந்துவிட்டது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துகிற மாதிரி இருக்கும். ஓடி முடித்தால் முன்பாதமும் சேர்ந்து எரியும். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை கடை முன்னால் நின்று அதைப் படித்தபோது, யாரோ என் வலியை ஊருக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. என் காதாலேயே கேட்டேன், என் வாயாலேயே படித்தேன். கோபம் வராதா?

உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். விடிந்தால் எண்ணெய், அடைந்தால் எண்ணெய். தலைமுடியில், தலையணையில்கூட எண்ணெய் வாசம். காலையில் கரைமேட்டில் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னைச் சுற்றி வேறு வாசம் வருகிறது. ஏரி வாசம், புல் வாசம். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. உன் படிப்பின்படி இந்தக் கால் ஓடுவதற்கு ஆகாது என்றால், அதை நிறுத்தவேண்டி வரும். அதுதான் எனக்குப் பயம்.

உன் வேலையைக் கெடுத்ததற்கு நிஜமாகவே வருத்தப்படுகிறேன். ஓட வேண்டாம் என்றால் வேண்டாம், நான் வற்புறுத்தமாட்டேன். திரும்ப வந்து ஒழுங்காக ஓடிக் கொடுக்கிறேன். நிபந்தனை எதுவும் இல்லை.

அக்கா


செகெத்
ஜூலை 3

என் அக்காவுக்கு,

லூசு! மார்ச்சிலிருந்தா? உன் தம்பி வேலை செய்வதே காலுக்குத்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

முதலில் இதைக் கேட்டுக்கொள். உன் கால் ஓடுவதற்கு ஆகாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். குதிகாலும் முன்பாதமுமே பாரம் முழுக்கத் தாங்குகின்றன, எனவே அவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னேன். நீ கவனித்த லட்சணம் எனக்குத் தெரியும். நாள் முழுக்க மரச்செருப்பில் கல் தரையில் நிற்பாய். காலையில் நாட்டியக் காலத்து மெல்லிய காலணியில் ஓடுவாய். சரியா?

மூன்று வாரம் ஓடாதே. நட, நீந்து, ஏரி வாசம் அப்போதும் வரும். கடையில் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்புப் போடு. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்துப் பாதத்தால் உருட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி மடக்கு. மெத்தென்று இருக்கிற காலணி ஒன்றை நான் அனுப்புகிறேன், நிறம் பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள். திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது அடியைச் சின்னதாக வை. அப்படியும் வலி குறையவில்லை என்றால் உங்கள் ஊர் டாக்டரிடம் போ, மிதித்து ஏமாற்றாமல் காலைக் காட்டு.

போன கடிதத்தில் ஓடமாட்டேன் என்று வீறாப்பாக எழுதினேன் இல்லையா? அதைத் தபாலில் போட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போனேன், கோபத்தில் சும்மா நடக்கலாம் என்று. எப்போது ஓட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பழைய பாலத்திலிருந்து புதிய பாலம் வரை நிற்காமல் ஓடியிருக்கிறேன். பளார் பளார்தான், சத்தம் குறையவில்லை. ஆனால் என் கால் முழுசாகத் தரையில் படுவது எனக்கே தெரிகிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பெண்களைக் கெஞ்சி என்னையும் ஒரு தடவை தட்டில் ஓடவிடச் சொன்னேன். ஆய்வில் சேர்க்கமுடியாது, சும்மா பார்ப்பதற்கு. அத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்த பாதம் திரையில் பச்சையும் மஞ்சளுமாக வந்தது. எங்கேயும் பெரிய சிவப்பு இல்லை, அதாவது ஓரிடத்திலும் பாரம் மிஞ்சவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஓடிப் பார்த்தேன், அப்போதும் அப்படியேதான் வந்தது.

ஆகஸ்டில் வா. செப்டம்பரில் நான் வருகிறேன்.

லோராந்த்


திஸாஃப்யூரெத்
ஆகஸ்ட் 24

அன்புள்ள லோராந்த்,

இந்த முறை தட்டு எங்கே இருக்கிறதென்றே நான் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் "இப்பதான் நிஜ பாலம்!" என்று கத்தியதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதெல்கா அம்மா என்னிடம் வந்து, "போன தடவ மிதிச்ச ஆளு நீங்கதானே? உங்க தம்பி ஒரு வாரம் சாப்பிடல" என்றார். அதை நீ எனக்கு எழுதவே இல்லை.

குழு நிறைந்துவிட்டதே, அதற்கே எனக்குப் பாதி வலி போய்விட்டது. மீதிப் பாதி காலையில் முதல் அடிக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது. நீ அனுப்பிய காலணி பச்சைத் தவளை நிறத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்கிறேன். மதகு வரை போய்விட்டேன். திரும்பும்போது பாதி நடந்தேன், டாக்டர் அதற்குத்தான் சம்மதித்தார். ஓட்டத்தன்று முழுக்க ஓடலாமா என்று கேட்டேன். "ஓடுங்க. வலிச்சா நில்லுங்க" என்றார். பிரோஷ்கா முன்னால் நிற்பதா?

பெட்டியிலிருந்து சிவப்புத் தலைக்குட்டையை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். நம் வீட்டுக் குட்டை, ஒரு ஓட்டையும் இல்லை. வெண்டெல் நீச்சல்கரை வாசலில் ஆணி அடிக்க இடம் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

அக்கா


செகெத்
செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கரையில் நம் ஊர் முழுக்க நிற்கும். விலக்குச் சீட்டு வாங்கிய பையனை அவர்களுக்குத் தெரியும். வழியில் நான் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டால் உன் குட்டை தொங்காது. பயம் எனக்கு அதுதான், கேலி அடுத்ததுதான்.

ஆனாலும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். என் பக்கத்து முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்ளப் போகிறேன். நீயும் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

லோராந்த்


செகெத்
செப்டம்பர் 30

அன்புள்ள அக்கா,

உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சாயங்கால ரயிலில் ஓடி வந்துவிட்டேன். வெண்டெல் அத்தான் உன் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார், உன்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். உள்ளே வந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதகில் திரும்பும்வரை எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ என் பக்கத்தில் இருந்தாய், "மூச்ச விடு, மூச்ச விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை, அக்கா. மூச்சு திடீரென்று இலகுவாகிவிட்டது. கால் தானாகப் போயிற்று. நெட்டிலிங்க மரங்களைத் தாண்டியதும் பிரோஷ்காவையும் அவள் தங்கையையும் முந்தினேன். பிரோஷ்கா ஏதோ கத்தினாள், வாழ்த்துகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கினேன். அப்போது ஒலிபெருக்கியில், "கெரெகெஷ் லோராந்த், உங்க அக்கா எங்க?" என்றார்கள். கரையே சிரித்தது. திரும்பிப் பார்த்தால் குட்டையின் உன் முனை புழுதியில் கிடக்கிறது.

உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வருஷக்கணக்காக நீ ஆசைப்பட்ட ஒன்றை, கைக்கு எட்டும் தூரத்தில், நானே இழுத்துக் கெடுத்துவிட்டேன். உன் குதிகால் வேறு வலித்திருக்கிறது, அதையும் கவனிக்கவில்லை. காலைக் கவனிப்பதுதான் என் தொழில்! என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

லோராந்த்


திஸாஃப்யூரெத்
அக்டோபர் 4

என் தம்பிக்கு,

நீ இழுக்கவில்லையடா. நான்தான் விட்டேன்.

மதகு தாண்டியதுமே குதிகாலில் அந்த ஆணி குத்த ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். உன் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. நீ வேகம் எடுக்கப் பார்க்கிறாய், நான் உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு வார்த்தை வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? கூடவே உட்கார்ந்து, என் காலணியைக் கழற்றி, காலை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். எட்டு வகுப்பு நீ அப்படி உட்கார்ந்தது போதும் என்று தோன்றியது. நெட்டிலிங்க மரத்தடியில் கையைத் திறந்துவிட்டேன்.

குட்டை தொங்கவில்லை என்று எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். அன்று ராத்திரி அழுதேன். வெண்டெல் அடித்த ஆணி வாசலில் சும்மா இருக்கிறது. பிரோஷ்கா அந்தப் பக்கமாகத்தான் தினம் நடக்கிறாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், குதிகாலும் அதற்குள் ஒழுங்காகிவிடும்.

நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் உன் முதுகை நான் ஓட்டத்தில் பார்த்ததே இல்லை, நடுவழியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்லா ஓடுற, லோராந்த்.

உன் அக்கா
எமோகெ